அக்கா சொன்ன ‘வேண்டாம்’

உப்புக்குளம், மன்னார்.
09.02.2025

அக்காவுக்கு,

சுகம் விசாரித்து எழுதவில்லை. உங்கள் இலக்கத்தை என் போனில் தடுத்து வைத்திருக்கிறேன். அத்தானுடையதையும் தடுத்துவிட்டேன். இல்லாவிட்டால் அவருடைய போனை வாங்கி நீங்கள் அழுவீர்கள், நான் இளகிப்போவேன். கடிதம் என்றால் நீங்கள் குறுக்கே விழ முடியாது. கடைசி வரி வரைக்கும் வாசித்தே ஆக வேண்டும்.

“ஜெனிற்றாவுக்கு என்ன விசர் பிடிச்சது? ஒரு சொல்லுச் சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு போயிட்டாள்” என்று என்னோடு வேலை செய்யும் எடித் அக்காவிடம் கேட்டீர்களாம். என்ன பிடித்தது என்று உங்களுக்குத் தெரியாதா? தெரியாதது போலக் கேட்க எப்படி வாய் வந்தது?

பதினான்கு மாதங்கள் காத்திருந்தேன் அக்கா. மார்பைக் குறைக்கும் சத்திரசிகிச்சைக்காகக் கொழும்பு ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்து பதினான்கு மாதங்கள். தை மாதத்துக்குள் கூப்பிடுவோம் என்றார்கள். தை முடியப்போகிறது, ஒரு சத்தமும் இல்லை. போன மாதம் இருபத்தேழாம் திகதி நானே போன் எடுத்துக் கேட்டேன். தமிழ் தெரிந்த ஒரு தாதி மிஸ்ஸி கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னா:

“டிசம்பர் பதினொண்டாம் திகதி எடுத்தனாங்கள். உங்கட போன் வேலை செய்யேல்லை. மற்ற நம்பருக்கு எடுத்தம். உங்கட அக்கா கதைச்சவ. உங்களுக்கு இப்ப வேண்டாமாம் எண்டு சொன்னவ. அந்த இடத்தை வேற ஆளுக்குக் குடுத்திட்டம்.”

நான் வேலை செய்யும் எம்.ஓ.எச். சுகாதாரக் கந்தோர் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். தடுப்பூசிக்கு வந்த தாய்மார் வரிசையாக இருந்தார்கள். அவர்கள் முன்னால் என்னால் அழவும் முடியவில்லை.

டிசம்பர் பதினோராம் திகதி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வவுனியாவில் பயிற்சி வகுப்பு. போனை நிறுத்தச் சொன்னார்கள். பின்னேரம் முதுகும் நாரியும் முறிய வீட்டுக்கு வந்தேன். நீங்கள் நண்டுக் குழம்பு வைத்திருந்தீர்கள். சின்னப் பிள்ளைக்கு உடைப்பது போல நண்டுக் காலை உடைத்து, சதையை எடுத்து என் தட்டில் வைத்தீர்கள். என் களைப்பைக் கண்டு இரங்குகிறீர்கள் என்று நினைத்தேன். அந்த நேரம் என் திகதியை நீங்கள் கை கழுவி நாலு மணித்தியாலம்கூட ஆகியிருக்காது.

ஏழு கிழமை. ஏழு கிழமையாக என் முகத்தைப் பார்த்துச் சிரித்தீர்கள். “இன்னும் கூப்பிடேல்லையோ?” என்று ஒருநாள் நீங்களே கேட்டீர்கள்.

வஸீர் நானாவின் வீட்டு மாடியில் ஓர் அறை எடுத்திருக்கிறேன். திரும்பி வரமாட்டேன். ஏன் செய்தீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

ஜெனிற்றா

*

பேசாலை.
15.02.2025

மரியே வாழ்க.

ஜெனி, உன் கடிதம் கிடைத்தது. பஸ்ஸில் அரை மணித்தியாலத்துக்குள் இருக்கிற அக்காவுக்கு முத்திரை ஒட்டிக் கடிதம் போடுகிறாய். தபால்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஊர் சிரிக்க வேண்டும் என்பதுதானே உன் விருப்பம். சிரிக்கட்டும்.

ஓம், நான்தான் சொன்னேன். வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். மறைக்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை. பையைத் தூக்கினாய்.

உனக்கு என்ன நோய்? காய்ச்சலா, சலரோகமா? முதுகு நோகிறது என்றால் இந்தக் கரையில் யாருக்கு நோகவில்லை? நான் விடிய எழும்பி மீன் வெட்டி, உப்புப் போட்டு, குனிந்த முதுகு நிமிராமல் கருவாடு காயப்போடுகிறேன். என்னை யார் கொழும்புக்குக் கூட்டிப் போகிறார்கள்? கடவுள் தந்த உடம்பைக் கூடக்குறைய என்று அளந்து வெட்ட நீ யார்?

நீ ஊர் ஊராய்ப் போய்ச் சொல்கிற வேலை என்ன? “பிள்ளைக்கு ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் குடுங்கோ.” அதைச் சொல்கிற மருத்துவிச்சி மிஸ் தன் மாரை வெட்டிப்போட்டு வந்தால் எந்தத் தாய் உன் சொல் கேட்பாள்? வங்காலை வின்சன்ட் வீட்டாரோடு எட்டு மாதமாய்க் கதைத்து இப்போதுதான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். முப்பத்திரண்டு வயது உனக்கு. நாளைக்கு ஒரு பிள்ளை பிறந்து பால் இல்லாமல் கத்தினால் அப்போது யாருக்குக் கடிதம் எழுதுவாய்?

கலியாணம் முடியட்டும், பிள்ளைகள் பிறக்கட்டும், அதன் பிறகு எதையாவது செய் என்று எத்தனை தரம் சொன்னேன்? கேட்டாயா? கேட்காத பிள்ளைக்கு நான் வேறு என்ன செய்ய?

நண்டுக் குழம்பைக் குத்திக் காட்டி எழுதியிருக்கிறாய். இனி உனக்கு ஒன்றும் வைக்கமாட்டேன். போதுமா?

அத்தான் உன்னைக் கேட்டார். கடலால் வந்ததும் முதல் கேள்வி அதுதான்.

பிரான்சிஸ்கா

*

உப்புக்குளம், மன்னார்.
22.02.2025

அக்காவுக்கு,

என்ன நோய் என்று கேட்டீர்கள். ஒரே வீட்டில் இருந்தும் பார்க்காத உங்களுக்கு எழுதிக் காட்டுகிறேன்.

என் இரண்டு தோளிலும் உள்சட்டைப் பட்டி அழுத்தி விரல் அளவு பள்ளம் விழுந்திருக்கிறது. சட்டையைக் கழற்றினாலும் பள்ளம் போவதில்லை. காலையில் எழும்பினால் கை இரண்டும் விறைத்திருக்கும், பல் துலக்கும் தூரிகை நழுவி விழும். மார்பின் அடியில் வியர்வை தங்கித் தோல் உரிந்து, ஏப்ரல் வெயிலில் புண்ணாகிறது. மருந்து பூசினால் ஆறும், ஸ்கூட்டரில் தலைமன்னார் வரை போய் வந்தால் திரும்ப வெடிக்கும். வீதியில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு கையால் மார்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஓட்டுகிறேன். அதைப் பார்த்துச் சந்தியில் நிற்கும் ஆம்பிளைகள் சிரிக்கிறார்கள். நோவுக்குக் குளிசை விழுங்கி விழுங்கி வயிற்றில் புண் வந்தது உங்களுக்குத் தெரியும். அதற்குக் கஞ்சி வைத்துத் தந்ததே நீங்கள்தான். குளிசை ஏன் போடுகிறேன் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

எட்டு மாதம் பயிற்சி செய்யவைத்தார்கள், பெல்ட் கட்டவைத்தார்கள், ஏழு கிலோ மெலியவைத்தார்கள். உடம்பு மெலிந்தது, இது மெலியவில்லை. அதற்குப் பிறகுதான் சத்திரசிகிச்சை என்றார்கள். பால் வராமல் போகலாம் என்றும் வைத்தியர் மறைக்காமல் சொன்னார். நான் தாய்ப்பால் பற்றி ஊருக்குப் படிப்பிக்கிறவள், அக்கா. அதைக் கேட்டு எனக்கு வலிக்கவில்லை என்றா நினைக்கிறீர்கள்? ஒரு கிழமை யோசித்து, அழுது, பிறகுதான் ஓம் என்றேன். அந்த ‘ஓம்’ என்னுடையது. அதை எடுத்து வீச உங்களுக்கு என்ன உரிமை?

என்னைக் கூனவைத்தது கடவுள் இல்லை, நீங்கள். அகதி முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பி வந்து இரண்டு வருடம் இருக்கும். எனக்குப் பதின்மூன்று வயது. பள்ளிக்கூடம் போகும் வழியில் சோதனைச் சாவடி. உங்கள் பழைய சீலையைக் கிழித்து என் நெஞ்சைச் சுற்றி மூன்று சுற்று இறுக்கிக் கட்டி, ஊசி குத்தி அனுப்புவீர்கள். “குனிஞ்சு நட. புத்தகத்தை நெஞ்சோட பிடி.” மூச்சு எடுக்க முடியாமல் ஒருநாள் பூசையில் மயங்கி விழுந்தேன். இப்போது உங்கள் மகள் மதுஷிகாவையும் வலைப்பந்து ஆடவேண்டாம் என்று நிறுத்திவிட்டீர்களாம். அவளும் கூனட்டும், என்ன?

இன்னும் ஒன்று. நேற்று வின்சன்ட் என் கிளினிக்குக்கு வந்தார். வாசலில் நின்ற கழுதையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, தாய்மார் இருக்கும் மர வாங்கில் இருந்தார். வெளியே கூட்டிக்கொண்டு போனேன்.

“அக்கா எல்லாம் சொன்னவ. எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை” என்றார். “ஆனா ரெண்டு பிள்ளை பிறந்த பிறகு செய்யலாம்தானே?”

“உங்கட கழுத்தில ஒரு மாப்பையைக் கட்டித் தொங்கவிடுறன். ரெண்டு பிள்ளை பிறந்த பிறகு அவிட்டுவிடுறன். இருப்பீங்களோ?”

“நீங்கள் கோவத்தில கதைக்கிறீங்கள்.”

“ஓம், கோவத்திலதான் கதைக்கிறன். நீங்கள் ஆரோட கதைக்கிறீங்கள்? வந்த நேரம் துவக்கம் என்ர முகத்தைப் பார்த்து ஒரு சொல்லுச் சொல்லேல்லை.”

அவர் உடனே தலையைத் தூக்கினார். முகம் சிவந்துவிட்டது. கெட்ட மனிதர் இல்லை. ஆனால் எனக்கு வேண்டாம். அவருடைய தாயிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். என் உடம்பைப் பற்றி அவவோடு கதைக்க உங்களுக்கு வாய் இருந்ததுதானே, இதையும் அதே வாயால் சொல்லுங்கள்.

ஜெனிற்றா

*

பேசாலை.
08.03.2025

ஜெனி,

திருநீற்றுப் புதன் பூசைக்கு நீ வருவாய் என்று பார்த்தேன். வரவில்லை.

வின்சன்டின் தாய் கோயில் வாசலில் என்னைக் கண்டு மறுபக்கம் திரும்பிப் போனா. எட்டு மாதக் கதை ஒரு நாளில் முடிந்தது. உனக்குச் சந்தோசம்தானே.

சீலைத் துண்டால் கட்டினேன் என்று எழுதியிருக்கிறாய். ஓம், கட்டினேன். அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. அம்மா இல்லை, அப்பா இல்லை. பதின்மூன்று வயதில் நீ இருபது வயதுப் பெண் போல இருந்தாய். வீதியில் எத்தனை சீருடை, எத்தனை துவக்கு. நீ பள்ளிக்கூடத்தால் திரும்பி வரும்வரைக்கும் நான் வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். வேறு என்ன செய்திருக்க வேண்டும்? சொல்லு. இன்றைக்குப் படித்தவள், உத்தியோகக்காரி, நீயே சொல்லு. அன்றைக்கு அந்த இடத்தில் நீ என்ன செய்திருப்பாய்?

ஏன் செய்தாய், ஏன் செய்தாய் என்று கேட்கிறாய். எழுதுகிறேன். அத்தானுக்குக்கூட முழுவதும் தெரியாது.

அம்மா காய்ச்சலில் சாகவில்லை.

மண்டபம் முகாமில் உனக்கு ஒன்பது வயது. அம்மா தனியாகக் குளிக்கத் தொடங்கினா. பக்கத்தில் படுக்கவிடமாட்டா. உன்னைத் தூக்கமாட்டா. கோபமாய் இருக்கிறா என்று நினைத்தேன். ஒருநாள் துணி துவைக்கும்போது அவவின் சட்டையில் இடது பக்கம் கறை. பால் கறை இல்லை. மணத்தது. கேட்டேன். அடித்தா. பிறகு அழுதா. ஒன்றரை வருடமாய்க் கட்டியை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறா, ஜெனி. ஆம்பிளை டொக்டருக்குக் காட்ட வெட்கமாம்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மார்பை எடுக்க வேண்டும் என்றார்கள். அப்பா திருப்பூரில் வேலைக்குப் போயிருந்தார். ஒரு கடதாசியை நீட்டி யாராவது சொந்தக்காரர் கையெழுத்து வைக்க வேண்டும் என்றார்கள். எனக்கு இருபத்தொரு வயது. வாசிக்கவில்லை. பிரான்சிஸ்கா என்று எழுதினேன். அம்மா என் கையைப் பிடித்து, “வேண்டாம் பிள்ளை, வெட்ட விடாதை” என்று சொன்னா. நான் கேட்கவில்லை. பதினோராம் நாள் செத்துப்போனா.

டிசம்பரில் போன் வந்தபோது அந்த மிஸ்ஸி கேட்டா: “ஒப்பரேசனுக்கு அவவோட ஆர் வருவினம்? நீங்களோ?” எனக்கு அந்தக் கடதாசிதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்லவில்லை. வாய் சொல்லியது.

இப்போது தெரிந்துவிட்டதுதானே. இனியாவது விடு.

பிரான்சிஸ்கா

*

உப்புக்குளம், மன்னார்.
12.03.2025

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். நீங்கள் என்று எழுதக் கை வரவில்லை. மன்னித்துக்கொள் என்றும் எழுதமாட்டேன்.

இருபத்து மூன்று வருடம்! அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய் இருந்தது என்பதை இருபத்து மூன்று வருடம் என்னிடம் மறைத்திருக்கிறாய். கொழும்பில் வைத்தியர் என்னிடம் முதல் நாளே கேட்டார்: “உங்கட குடும்பத்தில ஆருக்கும் மார்பில கட்டி, புற்றுநோய் இருந்ததோ?” இல்லை என்று சொன்னேன். அடித்துச் சொன்னேன். கீழே கையெழுத்தும் வைத்தேன். நான் பொய்க் கையெழுத்து வைத்தது உன்னால்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று உனக்குத் தெரியுமா? மாதத்தில் இரண்டு நாள் சுகவனிதையர் கிளினிக் நடத்துகிறேன். முப்பத்தைந்து வயதுப் பெண்களை வீடு வீடாய்ப் போய்க் கூப்பிடுகிறேன். கட்டி இருக்கிறதா என்று எப்படித் தடவிப் பார்ப்பது, எந்த மாதிரி இருந்தால் உடனே வர வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறேன். தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கும் வர இடமிருக்கிறது என்று வாய் வலிக்கச் சொல்கிறேன். அந்தப் பிள்ளை நான் என்று எனக்கே தெரியாது! நீயும் அந்தப் பிள்ளைதான். நாற்பத்து நாலு வயது உனக்கு. ஒரு நாளாவது கிளினிக்குக்கு வந்தாயா? எத்தனை தரம் கூப்பிட்டேன்? “எனக்கு ஒண்டுமில்லை, வேலை கிடக்கு” என்று சொன்னாய்.

நீ கையெழுத்து வைத்து அம்மா சாகவில்லை. அதை இன்றோடு விடு. ஒன்றரை வருடம் மறைத்து வைத்ததால் செத்தா. பயமும் வெட்கமும் அவவைக் கொன்றன. அந்த இரண்டையும் நீ எடுத்து வந்து எனக்கு ஊட்டி வளர்த்திருக்கிறாய். முதலில் சீலைத் துண்டால் கட்டினாய், பிறகு காய்ச்சல் என்று பொய் சொன்னாய், கடைசியில் போனில் வேண்டாம் என்றாய்.

உன்னிடம் எவரும் கையெழுத்துக் கேட்கவில்லை. என் கையெழுத்தை நான் வைப்பேன். கூட வர ஓர் ஆள் இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள். ஓம் என்று ஒரு சொல் போதுமாயிருந்தது.

நான் கொழும்புக்கு எடுத்து உண்மையைச் சொல்லப்போகிறேன். திரும்பவும் சோதனை எல்லாம் செய்ய வேண்டி வரும். பட்டியலில் திரும்பக் கடைசிக்குப் போவேன். பரவாயில்லை. இதற்கு மட்டும் பதில் எழுது: அம்மாவுக்கு அப்போது என்ன வயது? ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா? அம்மாவின் சகோதரிகளில் யாருக்கும் இருந்ததா?

வேறு எதுவும் எழுத வேண்டாம்.

ஜெனிற்றா

*

பேசாலை.
17.03.2025

அம்மாவுக்கு நாற்பத்தைந்து. இடது பக்கம் மட்டும். கையிடுக்கிலும் இருந்தது என்று சொன்னார்கள். பெரியம்மாவுக்கு ஒன்றும் இல்லை, அவ முதுமையில்தான் செத்தா. சின்னம்மா தெரியாது, இடம்பெயர்ந்தபோது பிரிந்ததுதான்.

எழுத வேண்டாம் என்றாய். எழுதவில்லை. ஆனால் அம்மாவைப் பற்றி வெட்கம், பயம் என்று எழுதியிருக்கிறாயே, அவ அந்தக் கட்டியோடு உனக்குச் சோறு ஆக்கித் தந்தவ. தண்ணீர் லொறிக்குப் பின்னால் குடம் தூக்கி ஓடினவ. அதையும் நினை.

கிளினிக்குக்கு வரமாட்டேன். அங்கே எல்லோரும் உன்னோடு வேலை செய்கிறவர்கள். என்னைப் பிடித்துக் கிடத்தித் தடவிப் பார்க்க நான் விடமாட்டேன்.

பி.

*

உப்புக்குளம், மன்னார்.
27.07.2025

அக்காவுக்கு,

நாலு மாதம் எழுதவில்லை. கோபம் ஆறியதால் இப்போது எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். தகவல் சொல்ல எழுதுகிறேன்.

வைத்தியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஏசவில்லை. “இப்பவாவது தெரிஞ்சது நல்லது” என்று சொன்னார். ஸ்கான், படம், ஊசி போட்டு எடுத்த ஒரு சோதனை என்று மூன்று தரம் கொழும்புக்குப் போய் வந்தேன். சோளகக் காற்றுக்குள் விடியற்காலைப் பஸ் பிடித்துப் போய், அடுத்த நாள் வந்து வேலைக்கு நின்றேன். ஊசி போட்ட சோதனையின் முடிவு வரும்வரை பதினேழு நாள். அந்தப் பதினேழு நாளும் நான் என்ன பாடு பட்டேன் என்று உங்களுக்கு எழுதமாட்டேன். முடிவு வந்தது. ஒன்றும் இல்லை. வருடத்துக்கு ஒரு தரம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வரும் மாதம் பத்தொன்பதாம் திகதி சத்திரசிகிச்சை. எடுக்கும் சதையையும் சோதனைக்கு அனுப்புவார்கள். எடித் அக்கா கூட வருகிறா. நீங்கள் வர வேண்டாம். விழிக்கும்போது பயந்த முகத்தைப் பார்க்க என்னால் முடியாது.

மடுத் திருவிழாவுக்குப் போனால் எனக்காக நேர்த்தி எதுவும் வைக்காதீர்கள். உங்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் போல இருந்தால், பதினாலு வயதாகப்போகும் உங்கள் மகளுக்கு அவளுடைய அளவில் ஒரு நல்ல உள்சட்டை வாங்கிக் கொடுங்கள். பிறகு வலைப்பந்து ஆட விடுங்கள்.

ஜெனிற்றா

*

பேசாலை.
26.08.2025

மரியே வாழ்க.

ஜெனி, எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எடித் அத்தானுக்குப் போன் எடுத்துச் சொன்னா. எனக்கு எடுக்கவில்லை. நான் வளர்த்த பிள்ளையின் செய்தியை இன்னொருத்தி என் புருசனுக்குச் சொல்கிறாள். அந்தக் கோபம் எனக்கு இருக்கிறது. அது கிடக்கட்டும்.

நீ ஒப்பரேசனுக்குப் போன அன்று நான் வீட்டில் இருக்க முடியாமல் கரைக்குப் போனேன். கருவாடு புரட்டிக்கொண்டிருந்தோம், பத்துப் பதினொரு பெண்கள். றொகானின் தாய் சும்மா இருக்கவில்லை. “உன்ர தங்கச்சி அழகுக்கு வெட்டக் கொழும்புக்குப் போயிட்டாளாமே? மிஸ்மாருக்கு இதுதான் வேலை போல” என்றாள்.

எனக்கு என்ன நடந்தது என்று தெரியாது. கையில் இருந்த தட்டை அப்படியே மணலில் போட்டேன்.

“அழகுக்கோ? அவள் விடிய எழும்பினா கை விறைச்சுப் பல் விளக்கேலாமல் இருந்தவள். தோள் ரெண்டும் வெட்டின மாதிரிப் பள்ளம். அந்த உடம்போட ஸ்கூட்டரில வந்து உன்ர பேரப்பிள்ளைக்கு நிறை பார்த்தவள். நீ கதைக்காதை!”

அதோடு நிற்கவில்லை. அம்மாவின் கதையையும் சொன்னேன். கட்டி, கறை, கடதாசி, எல்லாம். இருபத்து மூன்று வருடமாய்ச் சொல்லாததை உச்சி வெயிலில் கத்திக் கத்திச் சொன்னேன். காகத்தை விரட்டக்கூட ஒருத்தி கை தூக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு றஞ்சினி என் பின்னால் வந்தாள். தெரியும்தானே, மூன்று பிள்ளைக்காரி, தேவாலயத்துக்குப் பின் வீதி. “அக்கா, எனக்கும் ஒண்டு தட்டுப்படுது. மாசிக்குப் பிறகு. ஆருக்கும் சொல்லேல்லை” என்றாள்.

மறுநாளே கூட்டிக்கொண்டு வந்தேன், உன் கிளினிக்குக்கு. நீ இல்லாத கிளினிக்குக்கு. வாசலில் அவள் நின்றுவிட்டாள். “நீங்கள் முதல் போங்கோ, பிறகு நான் போறன்” என்று அடம். வேறு வழியில்லை. நான் போய்க் கட்டிலில் படுத்தேன். சட்டையைக் கழற்றினேன். உன்னோடு வேலை செய்கிற இன்னொரு மிஸ் பார்த்தா. எனக்கு ஒன்றும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு மூன்று மரியே வாழ்க சொல்வதற்குள் முடிந்துவிட்டது. இதற்காகவா இத்தனை வருடம் ஓடினேன்?

றஞ்சினிக்குக் கட்டி இருக்கிறது. வவுனியா ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவளின் புருசன் கடலுக்குப் போகிறவன், நான்தான் கூடப் போகிறேன். கெதியாய் வந்தது நல்லது என்று டொக்டர் சொன்னார்.

ஜெனி, டிசம்பரில் நான் செய்தது பிழை. உன் திகதியை நான் களவெடுத்தேன். அம்மாவைக் காரணம் சொல்லி அதைச் சரியாக்க முடியாது. எழுதிவிட்டேன். இதைத் திரும்பச் சொல்லச் சொல்லாதே.

மதுஷிகா வலைப்பந்துக்குப் போகிறாள். நிமிர்ந்து போகிறாள், எனக்குத்தான் நெஞ்சு பதறுகிறது.

பிரான்சிஸ்கா

*

உப்புக்குளம், மன்னார்.
09.09.2025

அக்காவுக்கு,

ஆஸ்பத்திரியால் வந்தபோது உங்கள் கடிதம் கதவடியில் கிடந்தது. குனிந்து எடுக்க முடியாமல் வஸீர் நானாவின் மனைவிதான் எடுத்துத் தந்தா. பத்து நாளாக அவதான் சோறு கறி கொண்டு வருகிறா. அது நீங்கள் செய்ய வேண்டிய வேலை. வர வேண்டாம் என்று சொன்னது நான்தான். சொன்னபடியே வராமல் இருந்துவிட்டீர்களே என்று கட்டிலில் கிடந்து கோபப்பட்டதும் நான்தான். இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு கிலோ எழுநூறு கிராம் எடுத்தார்கள். அதில் ஒரு கெட்டதும் இல்லை என்று முடிவு வந்துவிட்டது. தையல் இன்னும் இழுக்கிறது. இடது பக்கத்தில் ஓர் இடம் ஆறப் பிந்துகிறது, ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றுகிறேன். வடு பெரிதாகத்தான் இருக்கும். தொட்டால் சில இடத்தில் உணர்வே இல்லை, வரலாம் வராமலும் போகலாம் என்கிறார்கள். அதையெல்லாம் தெரிந்துதான் போனேன்.

மூன்றாம் நாள் மிஸ்ஸி என்னை எழுப்பி நடக்கவைத்தா. நாலு அடி வைத்தேன். பின்னாலிருந்து யாரோ பிடித்திருந்த கையை விட்டது போல இருந்தது. திரும்பிப் பார்த்தேன், ஒருவரும் இல்லை. அந்த இடத்திலேயே நின்று அழுதேன். நோகிறதா என்று கேட்டா. இல்லை மிஸ்ஸி, கோபம் என்று சொன்னேன். பத்தொன்பது வருடம், அக்கா! ஓட வேண்டிய வயதில் ஓடாமல், நிமிர வேண்டிய வயதில் நிமிராமல் பத்தொன்பது வருடம். அதை யாரிடம் போய்க் கேட்பது? உங்களிடம் மட்டும் கேட்டு என்ன பயன், உங்களையும் யாரோ அப்படித்தான் வளர்த்தார்கள் என்று ஒரு பக்கம் நினைக்கிறேன். மறு பக்கம் உங்களைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருக்கிறது.

றஞ்சினியின் விசயத்தில் எனக்கு இன்னொரு கோபம். அவளுடைய வீட்டுக்கு இந்த வருடம் நாலு தரம் போயிருக்கிறேன். நாலு தரமும் ஒன்றுமில்லை என்று சிரித்தாள், நானும் எழுதிக்கொண்டு வந்தேன். உங்களிடம்தான் சொன்னாள். நீங்கள் கத்தியதால் சொன்னாள். வவுனியாவில் அவளோடு நில்லுங்கள். மருந்து ஏற்றினால் முடி கொட்டும், பயந்துவிடுவாள், முன்னதாகவே சொல்லிவையுங்கள். ஒன்றையும் மறைக்க வேண்டாம்.

பிழை என்று எழுதியதை வாசித்தேன். மன்னித்துவிட்டேன் என்று எழுதிப் பார்த்தேன், பொய்யாக இருந்தது, வெட்டிவிட்டேன். இன்னும் இல்லை. எப்போது என்று எனக்கும் தெரியாது.

வரும் ஞாயிறு பூசை முடிகிற நேரம் பேசாலைக்கு வருகிறேன். ஸ்கூட்டர் ஓட்ட இன்னும் விடவில்லை, பஸ்ஸில்தான் வருவேன். அத்தானைச் சந்திக்கு வரச் சொல்லுங்கள், பையைத் தூக்க முடியாது. ஊரைக் கூட்டிச் சமாதானமாகிவிட்டோம் என்று சொல்லாதீர்கள். எனக்குச் சொல்ல இன்னும் எவ்வளவோ கிடக்கிறது, உங்களுக்கும் இருக்கும். அதையெல்லாம் கடதாசியில் எழுதித் தீராது, முகத்துக்கு நேரே இருந்துதான் கத்த வேண்டும். நான் சண்டை பிடிக்கத்தான் வருகிறேன், அக்கா. வீட்டில் இருங்கள்.

ஜெனி